சரிபார்த்தவர் என்னும் கட்டம்

எல்லையின்றி விரிந்தவனே, எங்கள் சின்னஞ்சிறு அளவுகளுக்குள்ளும் வந்து அமர்பவனே, கோணாத நெஞ்சையும் பிசகாத கையையும் தந்து காத்தருள்க. நின் திருவடியை முன்வைத்தே இக்கடிதங்கள் தொடங்குகின்றன.

ஜனவரி 20

வணக்கத்திற்குரிய அண்ணனுக்குத் தங்கை எழுதுவது.

நானும் மகளும் பட்டறையில் உள்ள இருபத்திரண்டு பேரும் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான்கு மாடி ஏறி இறங்க வேண்டாம் என்று உங்கள் மகனிடம் சொல்லி அனுப்பினேன். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். தொலைபேசியில் பேசலாம் என்றால் உங்கள் காது ஒத்துழைப்பதில்லை. "என்ன, என்ன" என்று நீங்கள் கேட்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. ஆகையால் கடிதம்.

ஒரு யோசனை வேண்டும். பாரம் தூக்கும் நம் கைத்தூக்கிகளை வாங்கும் பெரிய நிறுவனம், இனிமேல் காகித வரைபடங்களை ஏற்பதில்லை என்று அறிவித்துவிட்டது. எல்லா உறுப்புகளின் வரைபடமும் பராமரிப்புக் கையேடும் கணினிக் கோப்புகளாக ஜூன் முடிவதற்குள் வேண்டுமாம். தவறினால் வேறு பட்டறையைப் பார்த்துக்கொள்வார்கள்.

அவர் இருந்திருந்தால் ஒரு வாரத்தில் முடிவெடுத்திருப்பார். அவர் போய் இரண்டு ஆண்டுகள் ஆகியும் இரும்புப் படி ஏறி மாடி அறைக்குள் நுழையும்போதெல்லாம் அனுமதி கேட்கத் தோன்றுகிறது. அவருடைய மேசை இழுப்பறையை இன்னும் நான் திறக்கவில்லை. அலமாரியில் நீங்கள் வரைந்து கொடுத்த முந்நூற்று நாற்பது டிரேசிங் தாள்கள் அப்படியே இருக்கின்றன.

இரண்டு மென்பொருள்காரர்கள் வந்து காட்டினார்கள். முதலாவதில் பழைய தாளை ஸ்கேன் செய்து கொடுத்தால் போதும். கோடுகளையெல்லாம் அதுவே பிடித்துக்கொண்டு, அவற்றின் நீளத்தைத் தானே அளந்து எழுதிவிடுகிறது. "நீங்க டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரு தாள் முடிஞ்சிடும்மா" என்றார் அந்தப் பையன். எனக்கு டீ ஆறிப்போனதுதான் மிச்சம், ஆனாலும் தாள் முடிந்தது. இரண்டாவதில் வெறும் திரைதான். ஒவ்வோர் எண்ணையும் நாமே கொடுக்க வேண்டும். கொடுத்தால் உறுப்பு முழு உருவமாக எழுந்து நிற்கிறது. வரைபடமும் உதிரிப் பட்டியலும் கையேடும் அதிலிருந்தே பிறக்கின்றன.

மகளுக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. மாமாவின் தாள்களில் ஓர் அடிக்கோடு கூட இல்லை, இவ்வளவு சுத்தமான தாள் அந்த இயந்திரத்துக்கு விருந்து என்கிறாள். ஒரு குறையும் சொல்கிறாள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் "வரைந்தவர்" என்ற கட்டத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. "சரிபார்த்தவர்" என்ற கட்டம் எல்லாவற்றிலும் காலி. "மாமாவைச் சரிபார்க்க ஆள் இல்லையா, தைரியம் இல்லையா?" என்று கேட்கிறாள்.

எதை வாங்கட்டும்?

உங்கள் அன்புத் தங்கை

பிப்ரவரி 2

திருவருள் துணை.

நெஞ்சில் நிறைந்த தங்கைக்கும் மருமகளுக்கும் பட்டறையார் அனைவருக்கும் ஆசிகள் பல. ஈண்டு யான் நலம். உன் உடல்நலம் எவ்வாறுள்ளது? இரும்புப் படியில் ஏறுங்கால் கைப்பிடியை விடாதே.

உன் வினாவை ஐந்து நாள் சிந்தித்தேன். இரண்டாவதையே தேர்ந்தெடுக்க. வரைபடத்தில் கோடு உடல், எண்ணே உயிர். உடலை மட்டும் படியெடுத்து உயிரை விட்டுவிடும் கருவி எத்துணை விரைவுடையதாயினும் நமக்கு வேண்டா. படைத்தோன் ஒவ்வோர் உயிர்க்கும் முதலில் அளவை வகுத்து, அதன் பின்னரே வடிவம் தந்தான் என்பர் சான்றோர். முதலில் எண், பின்னர் வடிவம் என்னும் அம்முறைமை நம் தொழிலுக்கும் பொருந்தும்.

மருமகளின் வினாவிற்கு விடை: என்னைச் சரிபார்க்க அக்காலத்தில் ஆள் இல்லை. அலுவலகத்தில் வரைவாளர் வேலை முடித்து வந்து, மாப்பிள்ளைக்காக வீட்டிலே வரைந்தவை அவை.

இரண்டாவதையே வாங்குக. உடல்நலம் பேணுக.

அண்ணன்

பிப்ரவரி 14

அன்பும் மதிப்பும் நிறைந்த அண்ணனுக்கு.

அனைவரும் நலம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன்.

உங்கள் கடிதத்தை மகளுக்கு உரக்கப் படித்தேன். கேட்டுவிட்டு, "மாமா சொல்றது உபதேசம்மா. நான் கேக்கறது காரணம்" என்றாள். அவளைக் கோபிக்க வேண்டாம். அவளுடைய கணக்கும் நியாயமாகவே இருக்கிறது. முதலாவது மென்பொருளில் ஆறு வாரம் போதும். இரண்டாவதில் அவளும் இன்னொருவரும் தலை நிமிராமல் உழைத்தாலும் ஏழு மாதம் ஆகும். ஜூன் மாதம் நமக்காகக் காத்திருக்காது.

சோதனைக்காகப் பன்னிரண்டு தாள்களை முதலாவதில் போட்டுப் பார்த்தோம். அழகாக வந்திருக்கின்றன. நம் கடைசல்காரர் அரைநூலும் வந்து பார்த்தார். அளவில் அரை நூல் பிசகினாலும் சோறு இறங்காது என்று நீங்கள் பெயர் வைத்த அதே மனிதர்தான். திரையை மூக்கால் தொடும் அளவுக்கு நெருங்கி நின்று, "கண்ணாடி இல்லாமயே தெரியுதே" என்றார். அவரிடமிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

எனக்காக ஒரே ஒரு காரணம் எழுதுங்கள், அண்ணா. உபதேசம் வேண்டாம்.

தங்கை

மார்ச் 10

திருவருள் துணை.

தங்கைக்கு ஆசிகள். விடை தாழ்த்தமைக்குப் பொறுத்தருள்க. முழங்கால் வலி சற்று மிகுந்திருந்தது. இப்போது தேறிவிட்டேன். உன் இரத்த அழுத்தம் பார்த்தாயா? மருமகள் நேரத்திற்கு உண்கிறாளா?

காரணம் கேட்டாய். டிரேசிங் தாள் முப்பது ஆண்டில் சுருங்கும். சுருங்கிய தாளில் சுருங்கிய கோட்டை அளந்தால் அளவும் சுருங்கித்தானே வரும்? இது ஒன்றே போதுமான காரணம்.

அன்றியும் ஒன்று கேட்டறிந்து எழுதுக. தாளில் கையால் எழுதியுள்ள எண்ணை அக்கருவி படிக்கிறதா, அன்றிக் கோட்டை மட்டுமே அளக்கிறதா? மறவாமல் எழுதுக.

காலையில் பாராயணம் செய்ய அமர்ந்தால் ஓரிரு அடிகளில் நா தடைப்படுகிறது. முதுமைதான்.

அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கு.

முழங்காலுக்கு ஓர் எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். தடவுங்கள், மேசையில் காட்சிக்கு வைக்காதீர்கள்.

நீங்கள் கேட்டதை விசாரித்தேன். அது கையெழுத்து எண்களைப் படிப்பதில்லை. அழித்துவிட்டுக் கோட்டை அளந்து புதிதாக எழுதுகிறது. சுருக்கத்துக்கு அவர்களிடம் வழி இருக்கிறது. தாளின் ஓரச் சட்டத்தின் நீளம் தெரிந்ததுதானே. அதைக் கொண்டு முழுத் தாளையும் சரியான அளவுக்கு நீட்டிவிடுகிறார்கள். மகள் செய்து காட்டினாள். அவளுடைய முகத்தில் இருந்த வெற்றியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே, அண்ணா, முதலாவதையே வாங்கிவிட்டோம். உங்கள் பேச்சை நான் மீறியது இதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றரை டன் தூக்கியின் கொக்கிப் பகுதியை முதலில் முடிக்கிறோம். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் புதுத் தாள்களின்படி, கொக்கியைத் தாங்கும் நாற்பது இரும்புப் பின்கள் கடைய ஏற்பாடு.

நாக்கு தடைப்படுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பாதி உறக்கத்தில் எழுப்பினாலும் முழுப் பதிகம் சொல்பவர் நீங்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

தங்கை

ஏப்ரல் 4

திருவருள் துணை.

தங்கைக்கு ஆசிகள். நலம். எண்ணெய் வந்தது. நன்று. அவ்வாறே செய்க.

அண்ணன்

ஏப்ரல் 9

எல்லாம் அறிந்தவன் முன்னிலையில் எழுதுகிறேன்.

தங்காய், இக்கடிதத்திற்கு முன்பே என் மகன் தொலைபேசியில் அழைத்து, பின் கடைவதை நிறுத்துங்கள் என்று சொல்லியிருப்பான். அவனுக்குக் காரணம் தெரியாது. காரணத்தை என் கையாலேயே எழுத வேண்டும் என்பதால் அவனிடம் கூறவில்லை.

முப்பத்தோராண்டுகளுக்கு முன்னர் மாப்பிள்ளை என்னிடம் வந்து, ஒரு டன் தூக்கியை ஒன்றரை டன் தூக்கியாக மாற்ற வேண்டும் என்றார். கொக்கியைத் தாங்கும் பின் பன்னிரண்டு மில்லிமீட்டர் பருமன் உடையது. அது பதினாறாக வேண்டும். அப்பின் நுழையும் தகட்டுத் துளைகள், உறை, வளையம் ஆகியனவும் உடன் மாற வேண்டும். ஏழு தாள்கள். முறைப்படி அவ்வேழையும் புதிதாய் வரைதல் வேண்டும். யான் பிளேடால் பழைய எண்களைச் சுரண்டிப் புதிய எண்களை எழுதினேன். கோடுகளைத் தொடவில்லை. எண் பதினாறு என்று கூறும்; கோடு இன்னும் பன்னிரண்டிலேயே நிற்கும்.

அதற்கும் எங்கள் தொழிலில் வழி உண்டு. கோட்டோடு பொருந்தாத எண்ணின் கீழ் ஓர் அடிக்கோடு இட்டால், "இதை அளக்காதே, எண்ணை நம்பு" என்பது பொருள். அவ்வடிக்கோட்டையும் யான் இடவில்லை. எங்கள் அலுவலகத்தில் தலைமை வரைவாளர் மாதந்தோறும் அடிக்கோடுகளை எண்ணுவார். மிகுதியாய் வைத்திருப்பவனைச் சோம்பேறி என்று அனைவர் முன்னும் சொல்வார். என் தாளில் ஓர் அடிக்கோடும் இல்லை என்னும் செருக்கு என்னைப் பற்றியிருந்தது. வீட்டு வேலையிலும் அது விடவில்லை. பின்னர் வரைவேன் என்றிருந்தேன். வரையவில்லை.

பட்டறையில் யாரும் தாளை அளப்பதில்லை, எண்ணையே படிப்பர். ஆகலின் முப்பத்தோராண்டுகள் ஒன்றும் நிகழவில்லை. நீங்கள் வாங்கியுள்ள கருவியோ எண்ணை அழித்துக் கோட்டை நம்புகிறது. ஏழு தாள்களின் கோடுகளும் ஒரே பழைய அளவில் உள்ளமையால், செய்யும் உறுப்புகள் ஒன்றோடொன்று கச்சிதமாய்ப் பொருந்தும். பொருத்தம் பார்த்து எவரும் பிழையைக் காண இயலாது. பாரம் ஏறும்போது, கீழே யாரேனும் நிற்கும்போதுதான் தெரியும்.

ஜனவரியிலேயே இதை எழுதியிருக்க வேண்டும். உடல், உயிர் என்று உபதேசம் எழுதினேன். சுருக்கம் என்று பாதி உண்மை எழுதினேன். ஏப்ரல் நான்காம் நாள் "நன்று" என்று எழுதினேனே, அதுவே அனைத்தினும் கொடிது. மறுநாள் காலை, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமையை வேண்டும் துதியில் என் நா நின்றுவிட்டது. நான்கு நாள் நின்றது. டாக்டர் காண வேண்டிய நோயன்று அது.

ஏழு தாள்களின் எண்களைப் பின்பக்கத்தில் எழுதியுள்ளேன். மருமகளிடமும் அரைநூலிடமும் இக்கடிதத்தை முழுமையாய்ப் படித்துக் காட்டுக. எதையும் விடற்க.

அண்ணன்

ஏப்ரல் 24

அண்ணா,

முதலில் இதைப் படியுங்கள்: யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லை. எல்லோரும் நலம்.

உங்கள் மகனுடைய அழைப்பு வந்தபோது அரைநூல் பதினோராவது பின்னைக் கடைந்துகொண்டிருந்தார். இயந்திரத்தை நிறுத்தினோம். உங்கள் கடிதம் வந்த அன்று, கடைந்த பின்களில் ஒன்றைப் புதுத் தாள்களின்படியே துளையிட்ட தகடுகளில் பொருத்தி, சோதனைச் சட்டத்தில் மாட்டி, பாரம் ஏற்றினோம். நீங்கள் எழுதியபடியே கச்சிதமாகப் பொருந்தியது. பாரம் தரையை விட்டு எழுந்தது. அடுத்த நொடி பின் வளைந்து, கொக்கி ஒருபக்கமாகச் சாய்ந்து, எல்லாம் கீழே வந்தது. வேலி போட்டிருந்தோம். மகள் வளைந்த பின்னை எடுத்து அளந்து பார்த்தாள்.

அரைநூல்தான் பேசினார். "பதினாறுன்னு என் கைக்குத் தெரியும்மா. முப்பது வருஷமா கடையற பின்னு. புதுத் தாள்ல பன்னெண்டுன்னு இருந்துச்சு. கம்ப்யூட்டரே சொல்லுது, நாம யாரு கேக்கறதுக்குன்னு வாய மூடிக்கிட்டேன்." பிறகு ஒதுங்கிப் போய் உட்கார்ந்துவிட்டார். ஆக, அண்ணா, வாயை மூடிக்கொண்டவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல. காரணம் கேட்கத் தெரிந்த எனக்கு, "உங்களுக்கு என்ன வருத்தம்" என்று கேட்கத் தெரியவில்லை.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படியுங்கள்.

பட்டறையில் புழங்கிய பழைய நகல்களோடு உங்கள் பட்டியலை ஒத்துப் பார்க்கலாம் என்று மகள் சொன்னாள். மற்றவை எல்லாம் கிடைத்தன. ஒன்றரை டன் தூக்கியின் நகல்கள் மட்டும் இல்லை. கடைசியில் அவருடைய இழுப்பறையைத் திறந்தேன். ஒரு காகித உறைக்குள் பத்திரமாக இருந்தன. ஒவ்வொன்றிலும், நீங்கள் மாற்றிய எண்ணின் கீழே பென்சிலால் ஓர் அடிக்கோடு. அளவுகோல் வைக்காமல் போட்ட அவருடைய கோணல் கோடு. எனக்கு அந்தக் கோடு தெரியாதா?

உங்கள் பட்டியலில் ஏழு தாள்கள். உறைக்குள் எட்டு இருந்தன. எட்டாவது, பாரம் கீழே நழுவாமல் தடுக்கும் பல்சக்கரம். அதன் தடிமனையும் நீங்கள் சுரண்டி மாற்றியிருக்கிறீர்கள். அது உங்கள் நினைவில் இல்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் கடிதம் வராமல் இருந்தால் நான் அந்த இழுப்பறையைத் திறந்திருக்கவே மாட்டேன்.

இன்னொன்று. உறையின் மேல் அவர் தேதி எழுதியிருந்தார். அண்ணி ஆஸ்பத்திரியில் இருந்த மாதம் அது. நீங்கள் காலையில் வேலைக்கும் மாலையில் வார்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தீர்கள். அந்த மாதக் கடைசியில்தான் அண்ணி போனார்கள். உங்கள் கடிதத்தில் செருக்கு என்று எழுதினீர்கள், சோம்பல் என்று எழுதினீர்கள். இதை எழுதவில்லை. எனக்கு நாள் கணக்கு பார்க்கத் தெரியாது என்று நினைத்தீர்களா?

இப்போது நினைவுக்கு வருகிறது. அந்தத் தூக்கிக்குப் புதிதாக ஆள் சேரும்போதெல்லாம் அவர் தாளைக் கையில் கொடுத்து ஒன்று சொல்வார்: "அண்ணன் போட்ட எண்ணைப் படி. கோட்டைப் பாக்காத." உங்கள் எண்ணின் மேல் அவருக்கு அவ்வளவு பெருமை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பெருமையும்தான் இருந்திருக்கும்.

தங்கை

மே 11

திருவருள் துணை.

தங்காய், எட்டாவது தாள் உண்மையில் நினைவில் இல்லை. எத்துணை முயன்றும் வரவில்லை.

எழுத வேறொன்றும் இயலவில்லை. நலமாய் இரு.

அண்ணன்

ஜூன் 30

அன்புள்ள அண்ணனுக்கு.

நலம். பெரிய நிறுவனத்துக்கு நடந்ததை மறைக்காமல் எழுதினோம். அவர்கள் மகிழவில்லை. பாதி ஆர்டரை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டார்கள். மீதியை விட்டுவைத்து, நவம்பர் வரை காலம் தந்திருக்கிறார்கள். யாரையும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. சிறிது நெருக்கித்தான் ஓட்டுகிறோம்.

இரண்டாவது மென்பொருளை வாங்கிவிட்டோம். பாரம் தாங்கும் உறுப்புகள் எல்லாவற்றையும் மகள் உங்கள் எண்களைக் கொண்டு முதலிலிருந்து வரைகிறாள். மூடி, பெயர்ப்பலகை போன்றவற்றுக்கு மட்டும் முதலில் வாங்கியது. அவள் உங்களுக்கு ஒரு வரி சொல்லச் சொன்னாள். "மாமா, இதுல எண்ணை மாத்தினா கோடு தானா நகருது. நீங்க நெனச்சாலும் ஏமாத்த முடியாது." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உங்கள் கடிதத்தை அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாள். எடு என்றேன், மறுத்துவிட்டாள்.

எட்டு டிரேசிங் தாள்களையும் அவருடைய எட்டு நகல்களையும் இதோடு அனுப்புகிறேன். இனி அவை எங்களுக்குத் தேவையில்லை. உங்களுக்குத் தேவைப்படலாம் என்று தோன்றியது.

கையேட்டின் வரைபடங்களிலும் மூலையில் அதே கட்டங்கள் உண்டு. "வரைந்தவர்" என்பதில் உங்கள் பெயரையும் மகள் பெயரையும் சேர்த்துப் போடுகிறாள். "சரிபார்த்தவர்" கட்டத்தைக் காலியாக விடக்கூடாதாம். வரைந்தவரே சரிபார்த்தவராகவும் இருக்கக் கூடாதாம். யாரைப் போடுவது என்று உங்களைக் கேட்கச் சொன்னாள்.

தங்கை

ஜூலை 18

அளந்தறிய ஒண்ணாதவனும், எம் அளவை அறிந்தும் எம்மைக் கைவிடாதவனுமாகிய இறைவன் துணை.

தங்கைக்கு ஆசிகள். நலம். முழங்காலும் நலம். எண்ணெயைத் தடவினேன்.

தாள்கள் வந்தன. சன்னல் ஓரம் மேசையைத் துடைத்து, பேனாவிற்கு மை நிரப்பி, நீராடிய பின் அமர்ந்தேன். எட்டு டிரேசிங் தாள்களிலும் எட்டு அடிக்கோடுகள் இட்டேன். அளவுகோலை வைத்தும் அது விரலடியில் நழுவிற்று. கோடுகள் நேராய் வரவில்லை. பல்சக்கரத் தாளை இறுதியில் எடுத்தேன். என் கையெழுத்தேதான். அந்த எண்ணை எழுதிய நாள் இன்னும் நினைவில் வரவில்லை. அன்று மருத்துவமனை வராந்தாவிலிருந்து எழுந்து வந்து எழுதியிருப்பேன் போலும். தாளையும் நகலையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். மாப்பிள்ளையின் பென்சில் கோடும் என் மைக்கோடும் ஒரே கோணல்.

அதன் பின் இருபத்தொன்பதாண்டுகள் என் பக்கத்தில் உண்டார், என் தோளில் கை போட்டு நடந்தார். ஒரு நாளும் கேட்டதில்லை. யான் சொல்லக் காத்திருந்தாரோ, சொல்ல வேண்டியதில்லை என்றே விட்டாரோ, அறியேன். டிரேசிங் தாள்களைத் திருப்பி அனுப்புகிறேன். அவருடைய நகல்களை மட்டும் என்னிடம் விட்டு வை. பாராயணத்திற்கு அமரும் இடத்தில் வைத்துள்ளேன். நா இப்போது தடைப்படுவதில்லை.

மருமகளின் வினாவிற்கு விடை. அன்று என்னைச் சரிபார்க்க ஆள் இல்லை என்று எழுதினேன். பிழையாய் எழுதினேன். ஆள் இருந்தார். "சரிபார்த்தவர்" கட்டத்தில் மாப்பிள்ளை பெயரைப் பொறிக்கச் சொல். காலமானவர் பெயரை ஏற்கலாமா என்று அந்நிறுவனத்தார் வினவினால், தேதிக் கட்டத்தில் உறையின் மேல் அவர் எழுதிய தேதியை இடச் சொல். அன்றே சரிபார்த்துவிட்டார். இன்று பதிகிறோம், அவ்வளவே.

இதை வாசிக்கும் உன் கண்களும், அருகிருந்து கேட்போர் செவிகளும், இனி எவர் கையில் இத்தாள் சேரினும் அவர்தம் மனையும் மக்களும் தொழிலும் பிழையின்றித் தழைக்க. பிழை நேர்ந்தவிடத்து அதனை எடுத்துரைக்கும் துணிவும், உரைக்குமளவும் பொறுத்திருக்கும் உறவும் அவ்வில்லத்தில் நிலைத்திருக்க. தூக்கிய பாரமெல்லாம் நழுவாது நிற்க.

அண்ணன்